வின்ரெக்

வின்ரெக், விண்டோஸ் ரெஜிஸ்ட்ரியைப் பைத்தான் நிரலிலிருந்து படிக்கவும் திருத்தவும் உதவும் மாட்யூல். பைத்தானுடனேயே வருகிறது, விண்டோஸில் மட்டும் இயங்கும். பைத்தான் 2 வரிசையில் இதன் பெயருக்கு முன்னால் ஓர் அடிக்கோடு இருந்தது. 2008இல் வெளியான பைத்தான் 3.0 அதை நீக்கியது.

ரெஜிஸ்ட்ரியில் அமைப்புகள் கிளைகிளையாகப் பிரிந்த ‘கீ’களுக்குள் மதிப்புகளாக இருக்கும். ஒவ்வொரு மதிப்புக்கும் பெயர், தரவு, வகை என மூன்று உண்டு. ‘ஓப்பன்கீ’ ஒரு கீயைத் திறக்கும். தனியே அனுமதி கேட்காவிட்டால் படிக்க மட்டுமே விடும். இது நல்ல ஏற்பாடு. ‘குவெரிவேல்யூஎக்ஸ்’ தரவையும் வகையையும் சேர்த்தே தரும். ‘செட்வேல்யூஎக்ஸ்’ எழுதும்.

எழுதும்போது வகையில்தான் அதிகக் கவனம் தேவை. ‘பாத்’ சூழல் மாறியில் விழுக்காட்டுக் குறிகளுக்கு இடையே வேறு மாறிகளின் பெயர்கள் வரலாம். அதை விரிவடையும் சரமாக அல்லாமல் சாதாரணச் சரமாக எழுதினால் அப்பெயர்கள் விரிவடையாமல் அப்படியே நின்றுவிடும். கணினியால் நிரல்களைக் கண்டுபிடிக்க முடியாமல் போகும். படிக்கும்போது கிடைத்த வகையையே திரும்ப எழுதுவது பாதுகாப்பானது.

64-பிட் விண்டோஸில் 32-பிட் பைத்தான் சில கீகளைக் கேட்டால், விண்டோஸ் அந்தக் கோரிக்கையை வேறு கிளைக்குத் திருப்பிவிடும். இருக்கும் கீ இல்லை என்று பிழை வருவதற்கு இது ஒரு காரணம்.

பயனரின் சொந்தக் கிளையில் பெரும்பாலும் தடையின்றி எழுதலாம். கணினி முழுமைக்குமான கிளைக்குப் பொதுவாக நிர்வாகி உரிமை வேண்டும். வின்ரெக்கில் செய்த மாற்றத்தைத் திரும்பப்பெறும் வசதி இல்லை. எனவே திருத்துமுன் அந்தக் கிளையை ‘ரெக் எக்ஸ்போர்ட்’ கட்டளையால் நகலெடுத்து வையுங்கள்.