குவீன்ஸ்டவுன்: ஒரு பெயரின் மூதாதையர்

இரண்டாம் எலிசபெத் 1953 ஜூன் 2ஆம் நாள் முடிசூடினார். சிங்கப்பூர் இம்ப்ரூவ்மெண்ட் டிரஸ்ட் அமைத்துவந்த புதுநகருக்கு அவர் நினைவாக அவ்வாண்டிலேயே குவீன்ஸ்டவுன் எனப் பெயரிடப்பட்டது. சீனர் அப்பெயரைப் பொருள் நோக்கி 'அரசி நகர்' என மொழிபெயர்த்தனர். தமிழர் ஒலியை மட்டும் எடுத்துக்கொண்டோம். ஒலி ஒப்புமை ஒன்றையே கொண்டு, 'குவீன்' என்பது 'கன்னி'யின் திரிபு என உரைப்பாரும் உளர். மாணவர் அதனை ஏற்குமுன் அச்சொல் வந்த வழியை நாம் பின்னோக்கிக் காண்போம்.

பழைய ஆங்கிலத்தில் 'குவேன்' என்பது மனைவியையும், சிறப்பாக மன்னன் மனைவியையும் குறித்தது. அதன் உடன்பிறந்த சொல்லான 'குவெனெ' பெண் என்னும் பொதுப்பொருளில் தொடங்கி, பின்னர் ஒழுக்கம் இழிந்தவளைக் குறிக்கும் வசைச்சொல்லாயிற்று. ஒருத்தி அரியணை ஏற, மற்றவள் வீதிக்கு வந்தாள். நறுமணத்தைக் குறித்த நம் 'நாற்றம்' அடைந்த கதியும் அதுவே.

யாக்கோப் கிரிம் 1822இல் வகுத்துரைத்த விதிப்படி, 'தங்கம்' என்பதில் ஒலிக்கும் ககரம், ஜெர்மானியக் கிளையில் 'பக்கம்' என்பதில் ஒலிக்கும் ககரமாயிற்று. ஆகவே மூல இந்தோ-ஐரோப்பியச் சொல்லின் முதலொலி முன்னையது. அது கிரேக்கத்தில் 'குனே' என நின்று, மருத்துவமனைப் பலகையில் நாம் காணும் 'கைனகாலஜி'க்கு வழிவிட்டது. வேதமொழியில் 'ஜனி' ஆயிற்று.

இங்கே வழுக்கு நிலம் ஒன்றுண்டு. 'ஜனி' எனக் கண்டதும் ஜனனம், ஜனனி என்பவற்றையும் சேர்த்துவிடத் தோன்றும். அவை பிறத்தலைக் குறிக்கும் வேறொரு வேரின. வடமொழியில் இரு முதலொலிகளும் ஜகரமாய்க் கலந்துவிட்டன. அவெஸ்தா மொழியோ பெண்ணை 'ஜைனி' என்றும், பிறந்ததை ஸகரத்தை ஒத்த ஒலியால் 'ஸாத' என்றும் பிரித்துக் காட்டுகிறது. ஆங்கிலத்திலும் பிறத்தல் வேர் உறவினரைக் குறிக்கும் 'கின்' எனத் தனித்தே நிற்கிறது. ஒரு மொழி மறைத்ததை மற்றொரு மொழி காட்டிக்கொடுப்பதே ஒப்பிலக்கணத்தின் பயன்.

'கன்னி'க்கு இத்தகைய சான்று இல்லை. ஒரு சொல் ஒத்தால் போதாது. அதே ஒலிமாற்றம் பல சொற்களில் ஒழுங்காக வரவேண்டும். தென்மொழிகள் தனிக்குடும்பம் என எல்லிஸ் 1816இல் நிறுவியதும், கால்டுவெல் 1856இல் விரித்ததும் இம்முறையாலேயே. ஆங்கிலத்திற்கு நாம் தந்த கட்டுமரம், சுருட்டு ஆகியவற்றுக்குக் கடல்வணிகம் என்னும் வழி தெளிவாக உள்ளது.

பெயரின் பிற்பகுதியான 'டவுன்' பழைய ஆங்கிலத்தில் 'தூன்'. அடைப்புள்ள நிலம் என்பது பொருள். அதன் ஜெர்மன் உறவான 'ட்ஸவுன்' இன்றும் வேலியையே குறிக்கிறது. நம் 'பட்டி'யும் ஆட்டுக்கு அடைப்பு, மக்களுக்கு ஊர். இவ்விரு சொற்களுக்கும் இரத்த உறவு இல்லை. வேலிக்குள்ளிருந்து ஊர் வளர்ந்ததை இரு மொழியினரும் தனித்தனியே கண்டனர்.