டியூக் ஸ்லேட்டர்: முன்வரிசையில் பத்துப் பருவங்கள்

அமெரிக்கக் கால்பந்தில் பந்தை ஏந்தி ஓடுவோரின் தூரமும் புள்ளிகளும் கணக்கில் ஏறுகின்றன. அவர்களுக்கு வழி திறக்க எதிரணியினரை உடலால் முட்டி நகர்த்தும் முன்வரிசை ஆட்டக்காரரான லைன்மேனுக்கோ அத்தகைய கணக்கே கிடையாது. அவ்வரிசையின் மையத்திலிருந்து இருபுறமும் இரண்டாவதாக நிற்பவர் டேக்கிள் எனப்படுவார். 1920களில் அதே பதினொருவரே தாக்கவும் தடுக்கவும் வேண்டியிருந்ததால், ஆட்டம் முழுவதும் மோதலில் நின்ற அவரது உழைப்பு மிகக் கடுமையானது.

1898இல் பிறந்து, அயோவாவின் கிளின்டன் நகரில் கறுப்பினப் போதகர் ஒருவரின் மகனாக வளர்ந்த ஃபிரெட் 'டியூக்' ஸ்லேட்டர், அயோவா பல்கலைக்கழக அணியில் டேக்கிளாக, பெரும்பாலும் தலைக்கவசமின்றியே ஆடினார். 1921இல் வலிமைமிக்க நோட்டர் டேம் அணியை அயோவா 10-7 என்று வென்றபோது, அவர் வெறுந்தலையுடன் எதிரணியினர் பலரை ஒருசேரத் தடுத்து, பந்தேந்தியவருக்கு வழிவிட்ட காட்சி புகைப்படமாகப் பதிவாகிப் புகழ்பெற்றது.

1922இல் ராக் ஐலண்ட் அணியில் சேர்ந்து, தேசியக் கால்பந்து லீகின் முதல் கறுப்பின லைன்மேன் ஆன அவர், 1926 முதல் 1931 வரை சிகாகோ கார்டினல்ஸ் அணிக்கு ஆடினார். 1924இல் மிசூரி மாநிலத்தின் கான்சஸ் நகரில் நடந்த ஆட்டத்திலிருந்து நிறத்தின் காரணமாக அவர் விலக்கப்பட்டார். 1927இல் லீக் முழுவதிலும் எஞ்சிய ஒரே கறுப்பின வீரர் அவரே. உடன் ஆடிய பிற கறுப்பினத்தவர் ஒவ்வொருவராக வெளியேறிய பின்னும் அவர் நிலைத்ததற்கு, அவரை இழக்க அணியினர் துணியாத அளவுக்கு இருந்த ஆட்டத்திறனே காரணம் என்று கொள்வதே பொருத்தம். 1929 நவம்பரில் சிகாகோ பேர்ஸ் அணிக்கு எதிராகக் கார்டினல்ஸ் அணித்தோழர் எர்னி நெவர்ஸ் தனியொருவராக 40 புள்ளிகள் எடுத்த ஆட்டத்திலும் அவருக்கு முன்னே நின்று வழி திறந்தவர்களுள் ஸ்லேட்டர் முதன்மையானவர். ஆயினும் சாதனைப் பட்டியலில் நெவர்ஸின் பெயரே உள்ளது.

ஆட்டம் இல்லாத மாதங்களில் சட்டம் பயின்று 1928இல் பட்டம் பெற்றிருந்த ஸ்லேட்டர், ஓய்வுக்குப் பின் சிகாகோவில் வழக்கறிஞராகத் தொழில் நடத்தினார். 1934 முதல் 1945 வரை லீக் கறுப்பினத்தவர் எவரையும் சேர்க்காததால், அவர் திறந்த வழியில் அடுத்த தலைமுறை உடனே நுழைய இயலவில்லை. 1948இல் சிகாகோ நகராட்சி நீதிமன்ற நீதிபதியாகத் தேர்ந்தெடுக்கப்பட்ட அவர், 1966இல் காலமாகும்வரை நீதித்துறையிலேயே பணியாற்றினார். கல்லூரிக் கால்பந்தின் புகழ்மன்றம் 1951இலேயே, தன் முதல் தொகுதியில், அவரை ஏற்றது. தொழில்முறைக் கால்பந்தின் புகழ்மன்றமோ 2020இல்தான் அவரைத் தேர்ந்தெடுத்தது.