காயம் கட்டிய பாசி

முதல் உலகப் போர் தொடங்கியதும் பிரிட்டனில் பஞ்சு பெரிய கவலையாகிவிட்டது. காயத்துக்குக் கட்டுப்போடவும் அதுதான், வெடிமருந்து செய்யவும் அதுதான். 1914 நவம்பரில் எடின்பரோவின் அறுவை மருத்துவர் சார்லஸ் கேத்கார்ட்டும் தாவரவியலாளர் ஐசக் பெய்லி பால்ஃபரும் 'தி ஸ்காட்ஸ்மன்' நாளிதழில் ஒரு மாற்றைச் சொன்னார்கள்: ஸ்காட்லாந்தின் சதுப்பு நிலங்களில் மெத்தை மெத்தையாக வளரும் ஸ்பேக்னம் பாசி.

யோசனை புதிதல்ல. வட ஜெர்மனியில் சதுப்பில் வேலை செய்த ஒருவர் முன்கையில் பலத்த காயம்பட்டு, வேறெதுவும் கிடைக்காமல் மட்கிய பாசியை வைத்துக் கட்டியிருந்தார். காயம் சீழ் வைக்காமல் ஆறியதைக் கண்ட கீல் நகர மருத்துவர்கள் 1880-களிலேயே அதைக் கையில் எடுத்தார்கள்.

இந்தப் பாசியின் இலை ஒரே ஒரு செல் தடிமன். மெல்லிய பச்சை செல்கள் வலைபோலப் பின்னியிருக்க, இடையிடையே உள்ளீடற்ற, இறந்துபோன பெரிய செல்கள். அவற்றின் சுவரில் துளைகள். இந்த வெற்று அறைகளால்தான் தன் எடையைப்போல் 20 மடங்கு நீரை அது பிடித்து வைக்கிறது. பஞ்சு பிடிப்பது 5, 6 மடங்குதான். அதைவிடப் பெரிய குணம் ஒன்று உண்டு. பஞ்சில் ரத்தமும் சீழும் நேரே ஊடுருவி அந்த ஓரிடத்தில் வெளியே கசிந்துவிடும். பாசியிலோ பக்கவாட்டில் பரவும். கட்டு முழுவதும் ஊறிய பிறகே கசியும். புண்ணோடு ஒட்டிய கட்டை அடிக்கடி பிரிக்காமல் இருப்பது, படுத்துக் கிடப்பவனுக்கு எவ்வளவு பெரிய ஆறுதல்! பாசியின் அமிலத்தன்மையும் கிருமிகளை அடக்கியது.

ஆனால் சதுப்பிலிருந்து அது தானாக வந்துவிடவில்லை. பெண்களும் பிள்ளைகளும் குளிர்ந்த சேற்றில் இறங்கிக் கையால் பிடுங்கினார்கள், பிழிந்து சாக்கில் சுமந்தார்கள், உலர்த்தினார்கள். பிறகு புல், சுள்ளி, வேர் என ஒவ்வொன்றாகப் பொறுக்கி எடுத்தார்கள். சுத்தமான பாசியை மஸ்லின் பைகளில் தளர்வாக நிரப்பித் தைத்தார்கள்; ஊறினால் உப்புமே, அதற்கு இடம் வேண்டும். 1918-ல் பிரிட்டனிலிருந்து மாதம் சுமார் 10 லட்சம் கட்டுகள் ராணுவ மருத்துவமனைகளுக்குப் போயின. போர்க்களப் படங்களில் இடம்பெறாத இந்தக் கைகளுக்கும் உயிர்கள் கடன்பட்டிருக்கின்றன.

போர் முடிந்ததும் பஞ்சு திரும்ப வந்தது. பாசி எந்தக் குறையாலும் தோற்கவில்லை. சம்பளமில்லாமல் பொறுக்கித் தந்தவர்கள் வீடு திரும்பினார்கள். கூலி கொடுத்துச் செய்தால் கட்டுப்படியாகாது.

இன்று நர்சரிகளில் ஆர்க்கிட் வேரைச் சுற்றிவைக்க இதே பாசி காய்ந்த கட்டியாகக் கிடைக்கிறது. மருத்துவக் குணம் உண்டென்று நம்பி யாரும் அதைப் புண்ணில் வைத்துவிடக் கூடாது. போர்க்கால மருத்துவமனைகளில் அது கிருமி நீக்கப்பட்ட பிறகே காயத்தைத் தொட்டது. நர்சரிப் பாசியில் ஸ்போரோத்ரிக்ஸ் என்ற பூஞ்சை இருக்கலாம், அது சின்னக் கீறல் வழியாகவும் உள்ளே புகும். செடி வைக்கும்போது கையுறை போட்டுக்கொள்ளுங்கள்.