ஒரு கட்டுரைக்குப் பதினைந்து மதிப்பெண்

நான் இங்கே பி.எஸ்சி. வேதியியல் படித்தபோது (1977-80) ‘பேப்பர்’ என்றால் பரீட்சைத் தாள்தான். எங்கள் ஆசான்கள் ஆராய்ச்சிக் கட்டுரை எழுதியதாகக் கேள்விப்பட்டதில்லை. அவர்களை யாரும் கேட்டதும் இல்லை. பிற்பாடு நானும் இங்கேயே ஆசிரியனானேன். 1987-இல் அகாடமிக் ஸ்டாஃப் கல்லூரிகள் வந்தன. ஓரியண்டேஷன், ரெஃப்ரெஷர் என்று சில வாரங்கள் போய்வந்தால் பதவி உயர்வுக்கு வழி பிறந்தது. அதில் ஒன்றும் கஷ்டமில்லை, விடுதிச் சாப்பாட்டைத் தவிர!

2010-இல்தான் எல்லாம் தலைகீழானது. அவ்வாண்டு ஜூன் 30 தேதியிட்ட பல்கலைக்கழக மானியக் குழுவின் விதிகள் எங்களை மதிப்பெண்ணால் அளக்க ஆரம்பித்தன. ‘ஏ.பி.ஐ.’ என்று பெயர். நடுவர் பார்த்து வெளியிடும் இதழில் ஒரு கட்டுரை வந்தால் 15. உதவிப் பேராசிரியர் வாரம் 16 மணி நேரம் வகுப்பெடுக்க வேண்டும் என்பதும் அதே விதிகளில்தான் இருந்தது. எப்போ ஆராய்ச்சி பண்றது?

தேவை வந்ததும் கடையும் வந்தது. வாசகன் இலவசமாகப் படிக்கட்டும், செலவை எழுதுபவர் பக்கம் ஏற்கட்டும் என்று நல்லெண்ணத்தில் தோன்றிய ஏற்பாடு, காசு வாங்கிக்கொண்டு எதையும் அச்சிடுவோருக்கு வசதியாகிவிட்டது. கொலராடோ நூலகர் ஜெஃப்ரி பீல் அவற்றை ‘வேட்டையாடும்’ பதிப்பகங்கள் என்றார்.

சொல்ல வெட்கமாக இருக்கிறது, நானும் கட்டினேன். 2012-இல் மாணவர்கள் சைக்கிளில் போய் 42 கிணறுகளில் தண்ணீர் எடுத்து வந்தார்கள். தருமபுரிப் பக்கத்து ஃபுளோரைடு தொல்லை தெரிந்ததுதானே! அளவெடுத்து எழுதி அனுப்பினேன். 3,500 ரூபாய், நாலே நாளில் ‘ஏற்றுக்கொண்டோம்’ என்று பதில். அச்சில் பார்த்தால் முதல் அட்டவணையே இரண்டு தடவை வந்திருந்தது, இரண்டாவதைக் காணோம். யாரும் படிக்கவில்லை என்று அப்போதே புரிந்தது. ஆனாலும் 15 போட்டுக்கொண்டேன்.

2018 மே மாதம் மானியக் குழு தன் அங்கீகாரப் பட்டியலிலிருந்து 4,305 இதழ்களை நீக்கியது. என்னுடையதும் போயிற்று, இணையத்திலும் இல்லை. அடுத்து ‘கேர்’ பட்டியல் வந்தது, 2025 பிப்ரவரியில் அதையும் கைவிட்டார்கள். நல்ல இதழ் எதுவென்று இனி அந்தந்தக் கல்வி நிறுவனமே பார்த்துக்கொள்ள வேண்டுமாம்.

கிணற்றுக் கணக்கு நோட்டு மட்டும் என்னிடம் பத்திரமாக இருக்கிறது. தண்ணீர் எடுத்த பிள்ளைகளின் பெயர்களும் அதில் உண்டு. விழாவுக்குக் கொண்டுவருகிறேன். இப்போது படிக்கிற யாராவது அதே கிணறுகளை மறுபடி அளப்பதானால் வாங்கிக்கொள்ளலாம்.