மருந்துப் பட்டியலும் நோயாளியின் சீட்டும்

ஸுல்தான் ஸலாஹுத்தீன் அய்யூபி கெய்ரோவில் நிறுவிய நாஸிரி மருத்துவமனையில் பணியாற்றிய யூத மருத்துவர் இப்னு அபில் பயான், 13ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் ‘அத்துஸ்தூருல் பீமாரிஸ்தானீ’ என்னும் நூலை இயற்றினார். துஸ்தூர் என்றால் விதித்தொகுப்பு. மருத்துவமனையில் வழங்கத்தக்க கூட்டுமருந்துகளை அது வரையறுத்தது. இன்று மருத்துவமனைகளில் மருந்து, சிகிச்சைக் குழுக்கள் ஆற்றும் முதற்பணியும் இதுவே.

ஆயினும் பட்டியல் வகுப்பது வேறு. பயனை அளப்பது வேறு. பின்னதற்கு வழிகாட்டியவர் அவருக்கு ஏறத்தாழ மூன்று நூற்றாண்டுகள் முந்திய அர்ராஸீ. மூளைக்காய்ச்சலின் குறி தோன்றியோரில் ஒரு சாராருக்குக் குருதி வாங்கி, மறு சாராரை வேண்டுமென்றே விட்டுவைத்து, விளைவை ஒப்பிட்டதாக ‘அல்ஹாவீ’யில் அவர் குறித்துள்ளார்.

நம் மதுரையின் நிலை யாது? தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் 1994இல் தோன்றியபின், அரசு இராஜாஜி மருத்துவமனை முதல் சிற்றூர் ஆரம்ப சுகாதார நிலையம் வரை அத்தியாவசிய மருந்துப் பட்டியலையொட்டியே பெரும்பாலும் மருந்துகள் வருகின்றன. கொள்முதல், இருப்பு, தரச்சோதனை யாவற்றுக்கும் கணக்குண்டு. இது பெருஞ்சாதனைதான். எனினும் கிடங்கின் கணக்கு கிடங்கோடு நின்றுவிடும். மேலூரிலிருந்தோ உசிலம்பட்டியிலிருந்தோ பேருந்தேறி வரும் ஏழை நோயாளியின் சீட்டில் மருந்துகள் எத்தனை? அவற்றுள் பட்டியலில் உள்ளவை எத்தனை? நூறு சீட்டுகளில் எத்தனையில் ஊசியும் நுண்ணுயிர் எதிர்ப்பு மருந்தும் இடம்பெறுகின்றன? இவற்றை எண்ணும் முறையை உலக சுகாதார நிறுவனம் 1993இல் வகுத்தது. 2003இல் இக்குழுக்களுக்கென்றே ஒரு கையேட்டையும் வெளியிட்டது. குழு எத்தனை முறை கூடிற்று என்று எண்ணுவது எளிது. என் கருத்தில் அது வெறும் வருகைப் பதிவேடு. சீட்டு மாறியதா என்பதே கேள்வி. பட்டியலில் இல்லாத மருந்து எழுதப்பட்டால், அந்நோயாளி அன்றைய கூலியைக் கொடுத்து வெளிக்கடையில்தான் அதை வாங்க வேண்டும்.