துளசியும் பழ ஈயும்

பத்துமலைச் சுற்றுவட்டாரத்தில் வீட்டுக் கொல்லையில் கொய்யா வைத்திருப்போர் பிஞ்சிலேயே அதற்குக் காகித உறை கட்டுவதுண்டு. கட்டாது விட்டால் பழ ஈ தோலைத் துளைத்து முட்டையிடும். அறுத்துப் பார்க்கையில் உள்ளே புழு நெளியும். அதே கொல்லையில் வழிபாட்டுக்கென வளரும் துளசியின் சில வகைகளில் இந்த ஈயை மயக்கும் பொருளொன்று உண்டென்பதைப் பலர் அறியார். அதன் பெயர் மெத்தில் யூஜெனால்.

அதன் ஆற்றலை வெளிப்படுத்தியவர், பீகாரிலுள்ள பூசா வேளாண்மை ஆராய்ச்சி நிலையத்தில் பணியாற்றிய ஹௌலெட் என்னும் ஆங்கிலேயர். கொசுவை விரட்டப் பூசிக்கொள்ளும் சிட்ரொனெல்லாப் புல்லெண்ணெயை நாடிப் பழ ஈக்கள் வருவதை அவர் 1912இல் எழுதினார். வந்தவை ஆண் ஈக்களே! எண்ணெயோ பல பொருள்களின் கலவை. அவற்றுள் எது அழைக்கிறது? ஆராய்ந்து, மெத்தில் யூஜெனாலின் கவர்ச்சியை 1915இல் வெளியிட்டார்.

கிராம்புத் தைலத்துக்கு மணம் தரும் யூஜெனாலுக்கும் இதற்கும் வேறுபாடு மிகச் சிறிது. இரண்டிலும் ஆறு கரியணுக்கள் வளையமாக நிற்கின்றன. வளையத்தில் அடுத்தடுத்து இரண்டு பிராணவாயு அணுக்கள் பொருந்தியுள்ளன. மெத்தில் யூஜெனாலில் அவ்விரண்டுமே மெத்தில் தொகுதியைத் தாங்குவன. யூஜெனாலில் ஒன்று மட்டும் வெறும் ஹைட்ரஜனைத் தாங்கும். அவ்வளவே. ஒரு புள்ளியால் உயிர்மெய் மெய்யாவதை ஒக்கும் இது. யூஜெனாலை ஆண் ஈ அத்துணைப் பொருட்படுத்துவதில்லை. அமெரிக்காவில் மெட்காப் குழுவினர் இத்தகைய சேர்மங்கள் பலவற்றை ஒப்பிட்டு, அடுத்தடுத்த அவ்விரு தொகுதிகளின் வடிவம் ஈயின் உணர்கொம்பிலுள்ள ஏற்பிடத்தோடு பொருந்துவதே காரணமென 1975இல் விளக்கினர்.

பாகலையும் பீர்க்கையும் கெடுக்கும் ஈயோ மெத்தில் யூஜெனாலை நாடாது. அதற்கு, வளையத்தின் எதிரெதிர் முனைகளில் தொகுதிகள் அமைந்த கியூலூர் வேண்டும். மத்தியதரைப் பழ ஈக்குரிய டிரைமெட்லூரின் கதை இன்னும் வியப்பு. அணுக்கள் அனைத்தும் ஒன்றாயிருந்தும், குளோரின் நிற்கும் இடமும் பக்கமும் மாறினால் கவர்ச்சி குன்றிவிடும்.

ஹௌலெட் 1920இல் காலமானார். அவர் கண்டது பெரும்பயன் தந்தது பசிபிக் கடலில். 1960களின் முற்பகுதியில் ரோத்தா தீவில் மெத்தில் யூஜெனாலும் நஞ்சும் ஊறிய அட்டைத் துண்டுகளை விமானத்திலிருந்து வீசினர். ஆண் ஈக்கள் மடிந்தன. துணையின்றிப் பெண்களின் முட்டை பொரிக்கவில்லை. தீவில் அவ்வினமே ஒழிந்தது.

ஆண் மட்டும் வருவதேன்? பினாங்கு அறிவியல் பல்கலைக்கழகத்தின் டான் கெங் ஹோங்கும் ஜப்பானியரான நிஷிதாவும் 1980களில் விடை கண்டனர். ஆண் ஈ அப்பொருளை உண்டு, சிறிது மாற்றித் தன் மலக்குடல் சுரப்பியில் சேமிக்கிறது. அந்தி மயங்கும் வேளையில் அதை மணமாக வெளியிடும்போது பெண் ஈ தேடி வருகிறது.