கார் ஏசி மின்பழுது கண்டறிதல்

கார் ஏசி மின்பழுது கண்டறிதல் என்பது காரின் குளிர்சாதன அமைப்பில் மின்சாரம் தடைப்படும் இடத்தை அளந்து அறியும் முறை. பழுதுகள் மூன்று வகைப்படும்: மின்வழங்கல் பழுது (ஃபியூஸ், ரிலே, எர்த் இணைப்பு), சென்சார் பழுது, இயங்குறுப்புப் பழுது (புளோயர் மோட்டார், கம்ப்ரசர் கிளட்ச்).

சோதனை ஃபியூஸில் தொடங்கி ரிலே, வயரிங், உறுப்பு என முன்னேறும். புளோயர் உச்ச வேகத்தில் மட்டும் சுழன்றால், வேகத்தைக் குறைக்கும் ரெசிஸ்டர் உள்ள வண்டிகளில் அந்த ரெசிஸ்டர் எரிந்திருக்க வாய்ப்பு அதிகம். ஏனெனில் உச்ச வேகத்தில் மின்னோட்டம் அதன் வழியே செல்வதில்லை. 12 வோல்ட் கிளட்ச் காயிலின் மின்தடை பெரும்பாலும் 3 முதல் 5 ஓம். மல்டிமீட்டர் முடிவிலி காட்டினால் காயில் அறுந்துள்ளது. சுழியத்தை ஒட்டிக் காட்டினால் ஷார்ட் ஆகியுள்ளது.

1940 மாடல் பேக்கார்டு கார்களில் தொழிற்சாலை ஏசி அறிமுகமானது. 1964 மாடல் காடிலாக்கில் தானியங்கி வெப்பக் கட்டுப்பாடு வந்தது. அமெரிக்காவில் 1996 முதல் கட்டாயமான ஓபிடி-2 எனும் பழுதறி இணைப்பின் வழியே, ஏசி பழுதுக் குறியீடுகளையும் உரிய ஸ்கேனரால் பல வண்டிகளில் படிக்கலாம்.

குளிரூட்டும் கேஸ் குறைந்தால் பிரஷர் சுவிட்ச் கிளட்சுக்கான மின்சாரத்தைத் துண்டிக்கும். இது பழுதன்று, பாதுகாப்பு. சுவிட்சை நேரடியாக இணைத்து ஓட்டினால், எண்ணெய்ச் சுழற்சி குன்றிக் கம்ப்ரசர் சேதமடையும்.